அரைக்கிலோ பெட்டி

கோவைப் பக்கம் ஒரு நூல் மில்லில், ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். 2018 தீபாவளிக்கு முன்னால், போனஸ் 8.33 சதவீதம்தான் என்ற நோட்டீஸை போர்டில் ஒட்டியது என் கைதான். முந்தின வருடம் 15. மாதம் 10,000 ரூபாய் வைத்துக் கணக்குப் போட்டால் 18,000 வந்த இடத்தில் இப்போது 9,996. அந்த நாலு ரூபாய்தான் உறுத்தும்! அப்போது இருந்த 1965-ஆம் வருட போனஸ் சட்டம் 8.33 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடவில்லை, 20-க்கு மேலே ஏறவும் விடவில்லை.

காலை ஷிப்ட் விட்டதும் நூற்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சைடர் அக்கா ஒருவர் ஜன்னலுக்கு வந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "ஏன் தம்பி, ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கும் குறைச்சல்தானுங்களா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாங்க்கா, எல்லாருக்கும்தான்" என்றேன். சரி என்று போய்விட்டார்.

மத்தியானம், நூற்புப் பகுதிக்குப் பொறுப்பான ஸ்பின்னிங் மாஸ்டர் வந்தார். மாதம் 21,000-க்கு மேல் சம்பளம் என்பதால் அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. முதலாளியாகப் பார்த்துக் கொடுப்பதுதான். அதுவும் குறைந்திருந்தது. ஆனால் அவர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "நானும் போர்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?" என்று அரைமணி நேரம் நின்றார்.

அக்காவிடம் யாரும் எப்போதும் எதையும் கேட்டதில்லை. அதனால் அது அவருக்குக் குறையாகவே படவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவா என்பதுதான் அவர் பார்த்தது. மாஸ்டரோ மீட்டிங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பழகியவர். அந்த நாற்காலி போனதுதான் அவருக்கு வலித்தது.

மாஸ்டரின் மனக்குறை முதலாளி வரை போயிருக்க வேண்டும். ஸ்டாஃபைச் சமாதானப்படுத்த, தீபாவளி ஸ்வீட் பெட்டியை எங்களுக்கு மட்டும் ஒரு கிலோ ஆக்கினார்கள். அதுவரை மில்லில் எல்லோருக்கும் அரைக்கிலோதான். பட்டியலை டைப் அடித்தவன் நான். எனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை, நானும் ஒரு கிலோ ஆள் அல்லவா.

8.33 பற்றிய பேச்சு இரண்டு நாளில் அடங்கிவிட்டது. பெட்டிப் பேச்சு பொங்கல் வரை ஓடியது. அந்த அக்கா மறுபடி ஜன்னலுக்கு வந்தார்.

"வியாபாரம் படுத்தா போனஸ் குறையும், புரியுதுங்க. மைசூர்பாவுக்குமா தம்பி கிரேடு பாப்பீங்க?"