சேர்வராயன் மலைத் தடங்களில்

சேலத்துக்குக் குடிவந்த முதல் வாரத்தில் ஒரு நாள் காலை, "பசியாறிட்டீங்களா அத்தை?" என்று மாமியாரைக் கேட்டேன். மலேசியாவில் காலைச் சாப்பாட்டுக்கே பசியாறுதல் என்றுதான் பெயர். அத்தை பதறிப்போய், "பசிக்குதா மாப்பிள்ளை? அஞ்சே நிமிஷம்" என்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் பேசியது தமிழ்தான், ஆனாலும் சொல்லின் பொருள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. சைக்கிள் விஷயத்திலும் எனக்கு அப்படியேதான் ஆனது.

நான் பிறந்தது ஈப்போவில். வேலை பார்த்தது கோலாலம்பூரில். மனைவிக்குச் சேலத்தில் அஸ்தம்பட்டி. அவள் ஒரே மகள். மாமாவுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை ஆன பிறகு, நாம் அங்கேயே போய்விடலாம் என்று முடிவெடுத்து மூன்று வருடம் ஆகிறது. என் கொள்ளுத்தாத்தா மலாயாவின் பால்மரக் காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு, கப்பலேறியதும் சேலம் ஜில்லாவிலிருந்துதான் என்று வீட்டில் சொல்வார்கள். எந்த ஊர் என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. அதனால் சொந்த ஊருக்குத் திரும்பினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. புதிதாகத்தான் வந்தேன். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டு வம்சாவளியினர் இங்கே தங்குவதற்கானது), வங்கிக் கணக்கு, கேஸ் இணைப்பு எல்லாம் அலைச்சலோடு ஒவ்வொன்றாக முடிந்தன. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது சைக்கிளைப் பற்றி.

கோலாலம்பூரில் பத்து வருடம் புக்கிட் கியாராவில் மலைத்தட சைக்கிள் ஓட்டினேன். குடியிருப்புகளை ஒட்டிய குன்று அது. சைக்கிள்காரர்களே மண்வெட்டி எடுத்துப் போய் வெட்டிப் பராமரித்த பாதைகள். வருடம் முழுக்க மழை, வழுக்கும் களிமண், குறுக்கே ஓடும் வேர்கள். என் சைக்கிளில் இருந்த ஒவ்வொரு பொருளும் அந்த வேரையும் சேற்றையும் பார்த்து வாங்கியது. சேறு தானாக உதிர்வதற்கு இடைவெளி விட்டுப் பல் வைத்த மெத்தென்ற டயர், மழையில் கழுவிப் போகாத பிசுபிசுப்பான செயின் எண்ணெய், இப்படி.

அதை அட்டைப்பெட்டியில் கட்டி விமானத்தில் திருச்சி வரை கொண்டுவந்து, அங்கிருந்து காரில் நாமக்கல் வழியாக வீட்டுக்குக் கொண்டு சேர்த்தோம். பெட்டியைப் பிரித்தால், செயினைப் பல்சக்கரம் மாற்றிக் கியர் போடும் பின்பக்க டீரெயிலர் சக்கரத்தை நோக்கி மடங்கிக் கிடந்தது. ஒடிந்தது டீரெயிலர் இல்லை. அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு. அடி பட்டால் சட்டமும் டீரெயிலரும் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே அதை மென்மையாகச் செய்து வைக்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் அதன் வடிவம் மாறும். சேலத்தில் என் மாடலுக்குக் கிடைக்கவில்லை. மாமா, "இரும்பு ஊர்ல இருந்துக்கிட்டு இதுக்கா கவலைப்படறீங்க மாப்பிள்ளை?" என்று ஒரு லேத் பட்டறைக்குக் கூட்டிப்போனார். பட்டறைக்காரர் உடைந்த இரண்டு துண்டையும் மேசைமேல் பொருத்தி வைத்து, வெர்னியரால் அளந்து, "ஏனுங்க, இதுல மரை எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டுக்கொண்டே தாளில் வரைந்தார். மறுநாள் மூன்று துண்டு தயார். ஒன்றுக்குக் கேட்டால் எதற்கு மூன்று என்றேன். "திரும்ப ஒடியுமில்லீங்களா?" என்றார். ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. அவர் தந்த மூன்றாவதில்தான் இப்போது ஓட்டுகிறேன்.

முள்தான் அடுத்தது. கியாராவில் பஞ்சர் என்பது எப்போதாவது நடக்கிற விஷயம். இங்கே ஊருக்கு வெளியே கால் வைத்தால் வேலிக்காத்தான் முள், தரையோடு தரையாக நெருஞ்சி. நெருஞ்சிக்காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல் நோக்கி நிற்கும். முதல் மாதம் ஊத்துமலைப் பக்கம் ஒரு கரட்டை, அதாவது சின்னக் குன்றை, சுற்றி வந்தபோது முன் டயரில் மட்டும் பதினொரு முள் எண்ணினேன். டியூப் இல்லாத டயர், உள்ளே லேடெக்ஸ் கலந்த சீலன்ட் திரவம். துளை விழுந்ததும் அதுவே போய் அடைத்துக்கொள்ளும். ஆனால் சேலத்து வெயிலில் அந்தத் திரவம் காய்ந்துவிடுகிறது. கோலாலம்பூரில் நான்கு ஐந்து மாதம் வந்தது, இங்கே சித்திரை மாதத்தில் ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. டயரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பால்மரத்துக் கோப்பையில் கடைசியில் ஒட்டியிருக்குமே, அதுபோல ரப்பர் திரட்டு. பாட்டி மரம் சீவிய கதையெல்லாம் ஒரு நிமிடம் கண்முன் வந்துபோனது. இப்போது மாதம் ஒருமுறை டயரை ஆட்டிப் பார்க்கிறேன். சளக் சளக் என்று சத்தம் வராவிட்டால் உடனே ஊற்ற வேண்டும்.

இங்கே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பிரெஸ்டா என்ற ஒல்லியான வால்வு உள்ள சக்கரமாக இருந்தால், அதைச் சாதாரண வால்வாக மாற்றும் பித்தளைத் திருகு ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். விரல் நுனி அளவுதான். அது இருந்தால் வழியில் இருக்கிற எந்த பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். கம்ப்ரசரில் அடிக்கும்போது மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள். பைக் டயர் பழக்கத்தில் முப்பது, நாற்பது பவுண்ட் என்று ஏற்றிவிடுவார்கள். கல் தடத்தில் எனக்கு முன்னால் 22, பின்னால் 25 போதும்.

தூசியைப் பற்றி எனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. ஊருக்கும் மலைக்கும் நடுவே மேக்னசைட் சுரங்கங்கள் இருக்கின்றன. வெள்ளைக்கல் என்பார்கள். அந்தப் பக்கம் ஒரு சுற்று போய்வந்தால் என் ஈர எண்ணெய் பூசிய செயின் மாவில் புரட்டியதுபோல இருக்கும். எண்ணெயும் கல்தூளும் சேர்ந்தால் அது உப்புத்தாள்தான். செயின் தேய்ந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளக்கும் கருவி ஐந்தே மாதத்தில் 0.5 சதவீதத்தைக் காட்டியது. பன்னிரண்டு கியர் செயினை அந்த அளவிலேயே மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கப் பல்சக்கரத்தையும் தின்றுவிடும். மெழுகுக்கு மாறினேன். உருக்கிய பாரஃபினில் செயினை ஊறவைத்து எடுத்துத் தொங்கவிடுவது. அத்தை முதலில் தன் பழைய குழம்புச் சட்டியைத் தரத் தயங்கினார், அப்புறம் அவரே அடுப்பைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டார்.

பிரேக் விஷயத்தில்தான் பெரிய தவறு நடந்தது. என்னுடையது ஷிமானோ, மினரல் ஆயில் ஊற்ற வேண்டிய பிரேக். நான் ஊரில் இல்லாத நாளில் ஒரு கடையில் விட்டிருந்தேன். அங்கே நல்லெண்ணத்தோடு மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் டாட் திரவத்தை நிரப்பிவிட்டார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது, ரப்பர் சீல்கள் உப்பிவிடும். இரண்டு வாரத்தில் பின் பிரேக் பிடித்தால் திரும்பவில்லை. நல்லவேளை, அடிவாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஏற்காட்டுச் சாலையில் அடிவாரத்திலிருந்து மேலே ஏறத்தாழ 20 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு 1500 மீட்டரை ஒட்டி. அவ்வளவு உயரத்தையும் இறங்கும்போது இரண்டு விரலால் பிடித்து நிறுத்த வேண்டும். லிவர், காலிப்பர் இரண்டையும் மாற்றினேன். சூடு தாங்குவதற்காக ரெசின் பேடை எடுத்துவிட்டு மெட்டல் பேட் போட்டேன், பின் டிஸ்க்கை 160-லிருந்து 180 மில்லிமீட்டராக்கினேன். பிரேக்கை உரசிக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, வளைவில் விட்டுவிடுவது. விடும் நேரத்தில்தான் டிஸ்க் ஆறும்.

கோரிமேட்டுப் பக்கம் ஒரு பழைய சைக்கிள் கடை அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹைட்ராலிக் பிரேக் அவருக்குப் பழக்கமில்லை. சக்கரம் என்றால் அவரைப்போல ஒருவரை நான் பார்த்ததில்லை. பாறையில் மோதி என் பின் ரிம் எட்டுப் போட்டிருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சட்டத்தில் கையை ஊன்றி ஒரு சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினார். கோட்டமான இடத்தில் மட்டும் சாக்பீஸ் பட்டது. அந்த இடத்துக் கம்பிகளைக் கால் திருப்பு, அரைத் திருப்பு. ஒரு மணி நேரம். கடைசியில் ஒவ்வொரு கம்பியாக நகத்தால் சுண்டிக் கேட்டார். "செயின் பக்கம் ஒரு சுதி, இந்தப் பக்கம் ஒரு சுதி. அந்தந்தப் பக்கம் எல்லாம் ஒண்ணா பாடணும் தம்பி." கியர் சக்கரத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால் பின் சக்கரத்தில் செயின் பக்கக் கம்பிகள் கூடுதலாக இறுகியிருக்கும், அதனால் சுதி ஏறும். நான் டென்ஷன் மீட்டர் வைத்து அளப்பதை அவர் காதால் அளந்தார். மினரல் ஆயில் மாற்றுவதை நான் அவருக்குக் காட்டினேன். இப்போது இரண்டு மாணவர்களின் டிஸ்க் பிரேக் சைக்கிளை அவரே பார்க்கிறார்.

மலைக்கு வருகிறேன். சேலத்தில் நடக்கும் பாதையைத் தடம் என்பார்கள். காடு என்றால் பெரும்பாலும் விளைநிலம். "காட்டுக்குப் போறேன்" என்றால் குச்சிக்கிழங்குக்குக் களை எடுக்கப் போகிறார் என்று பொருள். (மரவள்ளிக்கு இங்கே குச்சிக்கிழங்கு என்று பெயர். சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மலாயாவிலிருந்து சவ்வரிசி வருவது நின்றபோதுதான் பிறந்தது. அந்தச் செய்முறை தெரிந்து பினாங்கிலிருந்து வந்த ஒருவருக்கும் அதில் பங்கு உண்டு. இதைப் படித்த நாளில் எனக்கு ஏனோ ஒரு ஆறுதல்.) மரங்கள் நிற்கிற காடு பெரும்பாலும் ரிசர்வ் ஃபாரஸ்ட். அனுமதி இல்லாமல் அதற்குள் சைக்கிளோடு போகக் கூடாது, நான் போவதில்லை. மிச்சம் இருப்பது காப்பித் தோட்டத்துக் கல் சாலைகளும் ஊர்களை இணைக்கும் ஒற்றையடித் தடங்களும். தோட்டத்தில் மேலாளரைக் கேட்டுவிட்டுத்தான் நுழைவேன். சில்வர் ஓக் மரம் ஓங்கிய நிழல், அதைப் பற்றி ஏறிய மிளகு, கீழே காப்பி. உதிர்ந்த இலை ஈரத்தில் கிடந்தால் கியாரா வேரைவிட வழுக்கும். விடியலில் பனிமூட்டம் விலகாத நேரத்தில் காட்டுமாடுகள் தோட்டத்துக்குள்ளேயே நிற்கும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, அவை போகும்வரை அசையாமல் நிற்பேன். ஒருமுறை நாற்பது நிமிடம் ஆனது.

நாகலூருக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து இறங்கும் தடம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. செம்மண், படிபோலப் பாறை, இரண்டு கூர்மையான திருப்பம். முதல் வருடம் அதில் நேரம் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் திருப்பத்தில் விறகுக்கட்டு சுமந்த ஒரு பாட்டி. டயர் சறுக்கி, அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். அவர் பாறையோரம் ஒதுங்கி, சுமையை இறக்காமலே, "அப்படி என்ன கண்ணு அவசரம்?" என்று கேட்டார். கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. கியாராவின் பாதைகள் ஓட்டுவதற்காகவே வெட்டியவை. இந்தத் தடத்தைப் போட்டது அவருடைய கால், அவருடைய அம்மாவின் கால். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் ரேஷன் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தேருக்கும் இதில்தான் போகிறார்கள். எனக்கு அது விளையாடும் இடமாக மட்டும் தெரிந்திருந்தது.

அன்று திரும்பும் வழியில் அண்ணன் கடையில் ஒரு பெல் வாங்கினேன். பால்காரர் சைக்கிளில் இருக்குமே, அந்தப் பெரிய எஃகு பெல். என் ஹேண்டில்பாருக்கு அதன் வளையம் பொருந்தவில்லை. அண்ணன் பழைய டியூபை வெட்டிச் சுற்றி, இறுக்கித் தந்தார். திருப்பத்துக்கு முன்பே அடித்துவிட்டு நிற்கிறேன், எதிரில் யாராவது வந்தால் இறங்கி ஓரமாக நிற்பது நான்தான். போன மாதம் அந்த ஊருக்குள் நுழையும்போது, பெல் சத்தம் கேட்டே இரண்டு பையன்கள் தங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்கள். முன் டயரில் நெருஞ்சி. குறடை எடுத்து முள்ளைப் பிடுங்கி, டியூபை உருவி ஒட்டிக் கொடுத்தேன். பாட்டி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசியாறிட்டியா கண்ணு?" என்று கேட்டார்.