பூவைத் திருப்பிப் பாருங்கள்

ஒரு மலைத் தேசியப் பூங்காவில் சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளை மட்டும் கணக்கெடுக்கும் வேலையில் இரண்டு பருவமாக இருக்கிறேன். முதல் வாரக் குறிப்பேட்டில் "மஞ்சள் பூ, சிறியது" என்று 11 பதிவுகள். அவற்றில் எது எது வேறு இனம் என்று அப்போது பிரிக்கவே முடியவில்லை. காரணம், எல்லாவற்றையும் மேலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதே குடும்பத்துச் சாமந்தியில் நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் சின்னச் சின்னப் பூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தலைமஞ்சரி. ஓரத்தில் இதழ் போல நீண்டிருப்பது ஒவ்வொன்றும் ஒரு கதிர் மலர், நடுவில் குழல் மாதிரி இருப்பவை வட்டத்தட்டு மலர்கள். 25,000க்கும் அதிகமான இனங்கள் உள்ள குடும்பம், அதில் மஞ்சள் நிறத்தில் இப்படிப் பூப்பவை ஏராளம் என்பதால் மேல்பக்கத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பூவைத் திருப்பினால்தான் விஷயம் தெரியும். அடியில் இருக்கும் பச்சைச் செதில்கள் ஒரே வரிசையில் ஒரே உயரத்தில் நின்றால் செனிசியோ என்ற பேரினத்தின் பக்கம் தேடலாம். ஓடு வேய்ந்தது போல அடுக்கடுக்காக இருந்தால் ஆஸ்டர் மாதிரியான கூட்டம். காம்பைக் கிள்ளினால் பால் வருகிறதா, தலையில் உள்ள எல்லாச் சின்னப் பூவும் நுனியில் ஐந்து பல் கொண்ட நாடா போலவே இருக்கிறதா? அப்படியென்றால், காய்த்ததும் பஞ்சுபோலப் பறக்கும் டான்டேலியன் கூட்டம். செடியின் உயரத்தை மட்டும் நம்பவே வேண்டாம், கீழே முழங்கால் வரை வளரும் அதே இனம் மேலே காற்றிலும் குளிரிலும் விரலளவு குறுகி நிற்கும்.

1810களில் பிரான்சின் தாவரவியலாளர் ஆன்றி கசினி சூல்தண்டின் கிளைகள், மகரந்தப்பை போன்ற மிக நுண்ணிய உறுப்புகளைப் பார்த்து இந்தக் குடும்பத்தைப் பிரித்தார். டிஎன்ஏ ஆய்வு வந்த பிறகும் அவர் பிரித்த கூட்டங்களில் பல அப்படியே நிற்கின்றன. கை லென்ஸை எடுக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

இதையெல்லாம் பார்த்தாலும் பாதிதான். மீதி அடையாளம் காயின் உச்சியில் உள்ள பாப்பஸ் என்ற குடுமியில் இருக்கிறது: சிலதில் வெறும் பட்டு மயிர், சிலதில் இறகு போலக் கிளைத்த மயிர், பைடென்ஸ் என்ற செடியில் துணியில் ஒட்டும் கொக்கி முட்கள். பூ இருக்கும்போது காய் இருக்காது, காய் முற்றும்போது கதிர் மலர் உதிர்ந்திருக்கும். ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்து இனப் பட்டியல் போடுவதை நான் ஏற்கவே மாட்டேன்.

அப்புறம், மலையில் ஒரு வசதி உண்டு. கீழே காய்த்துக் கொட்டிய செடி சில நூறு மீட்டர் மேலே இன்னும் மொட்டாக இருக்கும், அதனால் ஒரே நாளில் ஏறிக்கொண்டே போனால் இரண்டு நிலையும் கிடைத்துவிடலாம், ஆனால் இரண்டும் ஒரே இனம்தானா என்று ஒவ்வொரு தடவையும் செதில்களை ஒப்பிட்டாக வேண்டும்.

மாதிரி எடுக்கிறவர்களுக்கு ஒன்று. பருத்த தலைகளை நெடுக்காகப் பாதியாக வெட்டி, காய்வதற்குத் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள், இல்லையென்றால் உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். நிறத்தை அங்கேயே எழுதிவிடுங்கள், காய்ந்தபின் மாறிவிடும். டான்டேலியன் போன்றவை பறித்த பிறகும் முற்றும். பூவாக வைத்த ஒன்று அழுத்துப் பலகையைத் திறந்தபோது பஞ்சாகப் பறந்தது.

அந்த 11 பதிவில் 9 முடிந்துவிட்டன. மீதி இரண்டும் பாறைச் சரிவில் இருக்கின்றன, இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்திருக்கிறேன், காய் முற்ற இன்னும் மூன்று வாரம் ஆகும்.