செல்ஃப் இழுக்கல, பேட்டரி மேல தப்பே இல்ல

எங்க சித்தப்பா உசுரா வச்சிருந்த வண்டி, 1972 ஹோண்டா சிபி350, ரெண்டு சிலிண்டர், 325 சிசி, அந்தக் காலத்துலயே கிக்கரும் உண்டு செல்ஃபும் உண்டு. அவர் போனப்புறம் காசிமேட்டு வீட்டுல சும்மாவே நின்னுச்சு. போன வருஷம் மொத்தமா பிரிச்சு ஃபிரேமுக்கு பெயிண்ட் அடிச்சு பூட்டுனேன், கிக்கர்ல ஸ்டார்ட் ஆவுது, ஆனா செல்ஃப அமுக்குனா ர்ர்ர்... ர்ர்ர்...னு மூச்சு வாங்குது, ஹெட்லைட்டும் டல்லாவுது.

பாத்தவங்க எல்லாரும் சொன்னது ஒண்ணே ஒண்ணு, பேட்டரி வீக். புதுசு போட்டேன், ரெண்டாயிரத்துக்கு மேல ஆச்சு, அதே ர்ர்ர் தான். அடுத்து வண்ணாரப்பேட்டைல காயில் கட்டுற கடைல செல்ஃப் மோட்டார குடுத்தேன், அந்த அண்ணன் கார்பன் பிரஷ் மாத்தி, உள்ள சுத்தற ஆர்மேச்சர உப்புத்தாள் போட்டு தொடச்சு, டேபிள் மேலயே பேட்டரி வச்சு ஓட்டிக் காட்டுனாரு, சும்மா பறக்குது. "மோட்டார் நல்லாருக்கு தம்பி, எர்த்த பாரு"ன்னாரு. எர்த்னா, மோட்டாருக்குப் போன கரண்ட் எஞ்சின் பாடி, ஃபிரேம் வழியா பேட்டரி மைனஸுக்குத் திரும்பற வழி. அந்த ஒரு வார்த்தைதான் வழி காட்டுச்சு.

அன்னிக்கு நைட்டே மல்டிமீட்டர எடுத்துகினு உக்காந்தேன். ஸ்பார்க் குடுக்கற இக்னிஷன் காயிலுக்குப் போற ஒயர கழட்டிட்டா எஞ்சின் புடிக்காது, நிம்மதியா செல்ஃப அமுக்கி அளக்கலாம், ஆனா ஒரு தடவைக்கு அஞ்சு செகண்டுக்கு மேல அமுக்காதீங்க, மோட்டார் சூடாயிடும். சும்மா இருக்கறப்ப பேட்டரி 12.7 வோல்ட். அமுக்கறப்ப 11.4. அதே நேரம் மோட்டார்ல பாத்தா வெறும் 8.6! மீதி 2.8 வோல்ட் எங்க போச்சு? பிளஸ் கேபிள் பக்கம் 0.4, அது பரவால்ல. பேட்டரி மைனஸ்லருந்து எஞ்சின் பாடிக்கு 2.4. அங்க 0.2 தாண்டவே கூடாது.

மைனஸ மொதல்ல கழட்டிட்டு எர்த் போல்ட்ட அவுத்தா, கேபிள் முனைல இருக்கற லக்குக்கு, அதான் அந்த வளையத்துக்கு, அடில நான் ஆசையா அடிச்ச கருப்பு பெயிண்ட் பளபளன்னு நிக்குது, மரையோட ஓரம் மட்டும்தான் இரும்பத் தொட்டுகினு இருந்திருக்கு. கேபிள கொஞ்சம் சீவுனேன், உள்ள செம்பு கம்பி முழுக்க பச்சைக் களிம்பு, தொட்டா பொடியா உதிருது. கடல் காத்து அடிக்கிற ஊர்ல ஒறைக்குள்ள இருக்கறதயும் நம்ப முடியாது. செல்ஃப் நூறு ஆம்பியர் கிட்ட இழுக்கும், நடுவுல 0.01 ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் காலி.

வெல்டிங் கேபிள்ல புது எர்த் ஒயர் வெட்டி, ரெண்டு பக்கமும் லக் வச்சு நசுக்கி பஞ்ச் பண்ணி, ஃபிரேம்ல அந்த எடத்த இரும்பு வெள்ளையா தெரியற வரைக்கும் தேச்சு டைட் வச்சு, மேல வேசலின் தடவுனேன். எஞ்சின்லருந்து ஃபிரேமுக்கும் தனியா ஒரு எர்த், ஏன்னா எஞ்சின் மவுண்ட்லயும் அதே பெயிண்ட்தான்.

திரும்ப அளந்தா பேட்டரி 10.6க்கு எறங்குது, மொதல்ல பயந்துட்டேன், அப்புறம்தான் புரிஞ்சுது, இப்பதான் மோட்டார் முழு கரண்ட்டும் இழுக்குது. மோட்டார்ல 9.9, எர்த் பக்கம் 0.1. காயில் ஒயர மாட்டி பட்டனத் தொட்டேன், ரெண்டாவது சுத்துல புடிச்சிகிச்சு, சத்தம் கேட்டு சித்தி அடுப்ப அணைச்சிட்டு வாசலுக்கு ஓடியாந்துட்டாங்க.