அல்மா திறந்த கதவு

‘புரோக்பேக் மவுண்டன்’ திரைப்படத்தில் ஒரு கதவு வருகிறது. நான்கு வருடங்களாகக் காணாதிருந்த ஜாக் வந்து இறங்குகிறான். என்னிஸ் படிகளால் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சுவரோரமாக இழுத்து முத்தமிடுகிறான். அந்த நேரம் பார்த்து மேலே அவனுடைய மனைவி அல்மா கதவைத் திறக்கிறாள், காண்கிறாள், சாத்திக்கொள்கிறாள். ஒரு சொல்லும் இல்லை. அல்மாவாக நடித்த மிஷெல் வில்லியம்ஸின் முகத்தில் அந்தச் சில விநாடிகளில் நடப்பது மட்டுந்தான். அந்தப் படத்தை நான் ஆற அமர இருந்து பார்த்த இரண்டு தடவையும், அந்தக் கதவின் எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

முதல் தடவை 2006ஆம் ஆண்டு. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் இன்னும் மூன்று பெண்களோடு வாடகை அறையில் இருந்தேன். அந்த வருடம் மார்ச்சில் படத்துக்கு மூன்று ஒஸ்கார் விருதுகள் கிடைத்திருந்தன. ஆங் லீ சிறந்த இயக்குநரானார். சிறந்த படத்துக்கான விருது வேறொரு படத்துக்குப் போனது. பத்திரிகையில் அதை வாசித்துவிட்டுக் காலி வீதியில் இறுவட்டு விற்கும் கடையொன்றில் தேடினேன். அட்டையில் தொப்பி போட்ட இரண்டு ஆண்களைக் கண்டு, கடைக்காரர் அதைக் குதிரைச் சண்டைப் படங்களின் அடுக்கில் வைத்திருந்தார். அறையில் மற்றவர்கள் உறங்கிய பிறகு, காதில் கேட்பொறியை மாட்டிக்கொண்டு, கணினித் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். யாராவது விழித்தால் உடனே மூடிவிடுவதற்கு ஒரு கையை எப்போதும் விசைப்பலகையில் வைத்திருந்தேன்.

கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆனி ப்ரூ 1997இல் எழுதிய சிறுகதை அது. 1963ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், மலையில் ஆடு மேய்க்கப் போன இரண்டு இளைஞர்களுக்கிடையே காதல் பிறக்கிறது. இறங்கி வந்து ஆளுக்கொரு பெண்ணைக் கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, வருடத்தில் ஓரிரு தடவை ‘மீன் பிடிக்கப் போகிறோம்’ என்று சொல்லிவிட்டு இருபது வருடங்களாகச் சந்தித்துக்கொள்கிறார்கள். பிறகு ஜாக் இறந்துவிடுகிறான். அவனுடைய பழைய அறையில், தன் சேட்டை அவனுடைய சேட்டுக்குள் வைத்து ஒரே கொழுவியில் மாட்டியிருப்பதை என்னிஸ் கண்டெடுக்கிறான்.

அந்தச் சேட்டுகளைக் கண்டு அழாதவர்கள் குறைவு. நானும் அழுதேன். ஆனால் அதற்கு முன்னரே, கதவு சாத்தப்பட்டபோதே அழுதுவிட்டேன். அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அந்த நாட்களில் நான் என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணை நேசித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அது தெரியும். அதற்கு முன்னர் பல்கலைக்கழகத்தில் ஒரு பையனையும் அதே அளவு உண்மையாக நேசித்திருந்தேன். தன்பாலீர்ப்புள்ள நண்பர் ஒருவரிடம் படத்தைப் பற்றிக் கதைத்தபோது, “அந்தப் பெண்டுகள் வெறும் திரைச்சீலை. அதை இழுத்துவிட்டால் உண்மை தெரியும்” என்றார். அவர் தன் வாழ்வில் பட்ட பாட்டை வைத்துச் சொன்னது அது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் அன்றிரவு படுத்திருந்து யோசித்தேன். ஆண் ஆணை நேசிப்பது உண்மையாக இருக்கவேண்டுமென்றால், அவன் ஒரு பெண்ணோடு சிரித்த சிரிப்பெல்லாம் பொய்யாகத்தான் இருக்கவேண்டுமா? அப்படியானால் என்னுடைய இரண்டு காதல்களில் எது திரைச்சீலை?

இரண்டாம் தடவை பார்த்தது 2023ஆம் ஆண்டு மே மாதம், தெகிவளையில் எங்களுடைய தொடர்மாடி வீட்டில். அதற்கு ஒரு காரணம் இருந்தது. தன்பாலுறவைக் குற்றமாக்கும், நமது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகளைத் திருத்துவதற்கு ஒரு பாராளுமன்ற உறுப்பினர் தனிப்பட்ட முறையில் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் அந்த மாதந்தான் தீர்மானித்தது. பிரித்தானியர் 1883இல் கொண்டுவந்த சட்டக்கோவை அது. 1995இல் 365அ பிரிவில் கைவைத்தபோதுகூட அதை நீக்கவில்லை. ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் ‘ஆள்’ என்று போட்டு, பெண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் யாரையும் நேசிக்கத் தொடங்கும் முன்னரே எனக்காக ஒரு சொல்லை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தச் சட்டமூலம் பிறகு பாராளுமன்றம் கலையும்வரை சட்டமாகவில்லை. ஆனால் அந்த மே மாதத்தில் எங்களுக்கு அது தெரியாது. சேர்ந்திருந்து எதையாவது பார்க்கவேண்டும்போல் இருந்தது.

நான்கு பேர் இருந்தோம். என் கணவர், கல்யாணம் செய்யாமல் தாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிற, எங்களைவிட மூத்த ஓர் அக்கா, இருபத்து நான்கு வயதுத் தம்பி ஒருவன், நான். கணவரைத் தவிர மூவருமே இருபாலீர்ப்புள்ளவர்கள். மூவரும் ஒரே இடத்தில் அழுவோம் என்று நினைத்திருந்தேன். ஒரே படத்தைத்தான் பார்த்தோமா என்று கேட்கும் அளவுக்கு வேறுபட்டோம்.

தம்பிக்கு ஜாக்கை நன்றாகப் பிடித்துப் போனது. ஜாக்கும் அவன் பிறகு கல்யாணம் செய்கிற லூரீனும் காரில் சேரும் காட்சி வந்தபோது படத்தை நிறுத்தச் சொன்னான். “அக்கா, இந்தச் சிரிப்பைப் பாருங்கோ. இது நடிப்பே? எல்லாரும் இவனைக் கே எண்டு எழுதி வச்சிருக்கினம். இவன் எங்கட ஆள்” என்றான். அவனுடைய குரலில் இருந்த ஆவேசம் படத்தைப் பற்றியது மட்டுமல்ல என்று எனக்கு விளங்கியது. அவன் போய்வரும் நண்பர் வட்டத்தில், ‘நீ எப்படியும் கடைசியில் ஒரு பெட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவாய்’ என்று சொல்லி அவனை முழுதாக நம்புவதில்லை. வீட்டில் தாயிடம் ஒருநாள் துணிந்து சொன்னபோது அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “ரெண்டும் பிடிக்கும் எண்டால் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு போகவேண்டியதுதானே, பிறகேன் பிரச்சினை?” என்று கேட்டிருக்கிறார். ஒரு பக்கத்தில் சந்தேகம், மறுபக்கத்தில் நிம்மதி. இரண்டுமே அவனுடைய காதலில் ஒரு பாதியைக் கழித்துவிட்டுத்தான் அவனைப் பார்க்கின்றன.

ஆனால் ஜாக்கை எங்கள் ஆள் என்று எழுதிக் கையொப்பம் வைக்க என்னால் முடியவில்லை. அவன் மெக்சிக்கோவுக்குப் போய்த் தேடுவது ஆண்களைத்தான். லூரீனோடு இருந்த வருடங்களில் அவன் முகம் மெல்ல மெல்ல வாடுகிறது. என்னிஸ் விடயம் இன்னும் சிக்கலானது. கல்யாணமான புதிதில் அவனும் அல்மாவும் பனிச்சரிவில் சறுக்கி விழுந்து சிரிக்கிறார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் என்னிஸுக்குள் யார்மேல் எவ்வளவு ஆசை என்பதை அளந்து பார்க்க அவனுடைய பயம் யாரையும் விடுவதில்லை. ஆணோடு சேர்ந்து வாழ்ந்ததற்காக அடித்துக் கொல்லப்பட்ட ஒருவரின் பிணத்தைச் சிறுவனாக இருந்தபோது தகப்பனே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்த கண்ணுக்கு, தன்னுடைய விருப்பம் எது என்று அமைதியாகத் தேடிப் பார்க்கும் வசதி எங்கே இருக்கிறது? தம்பியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: அவனுக்கு ஒரு பெயர் வைப்பதைவிட, தனக்குத் தானே ஒரு பெயரை வைத்துப் பார்க்க அவனுக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை என்பதைப் பார்ப்போம்.

அக்கா பேசாமல் இருந்தார். அவரை உலுக்கியது நான் எதிர்பாராத இடம். ஜாக் இறந்த பிறகு என்னிஸ் லூரீனுக்குத் தொலைபேசி எடுக்கிறான். சக்கரம் வெடித்து விபத்து என்று அவள் கட்டையான குரலில் சொல்லிக்கொண்டு போகிறாள். புரோக்பேக் என்பது ஜாக் கற்பனையில் கட்டிய இடம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மறுமுனையில் இருப்பவன் அங்கே ஆடு மேய்த்த கதையைச் சொல்லும்போது அவளுக்கு எல்லாம் விளங்குகிறது. அவளுடைய குரல் மாறுவதில்லை, கண் மட்டும் நிரம்புகிறது. “ஒரே போனிலை அந்தப் பிள்ளைக்கு ரெண்டு சாவீடு” என்றார் அக்கா. அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எனக்கு இந்தத் தடவை தாங்க முடியாமல் போனது மீன் கூடை. விவாகரத்துக்குப் பிறகு, நன்றி நவிலல் நாள் விருந்தன்று, அல்மா கோப்பை கழுவிக்கொண்டே என்னிஸிடம் சொல்கிறாள்: ஒரு பயணத்துக்கு முதல்நாள் இரவு உங்கள் கூடையைத் திறந்தேன், ஐந்து வருடமாகியும் விலைச்சீட்டுக்கூடக் கழற்றப்படவில்லை, தூண்டில் கயிற்றில் ஒரு துண்டைக் கட்டிவிட்டேன், திரும்பி வந்தபோது அது அப்படியே இருந்தது. மீன் கொண்டுவாருங்கள் என்று அன்போடு எழுதிய துண்டு அது. அவள் வேவு பார்த்தாள் என்று 2006இல் நினைத்தேன். இப்போது நினைப்பது வேறு. தன் சந்தேகம் பிழையாக இருக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டு கட்டிய துண்டு அது. ஒரு தடவையாவது அந்தக் கயிறு நனைந்திருந்தால் அவள் வாழ்நாள் முழுவதும் அவனை நம்பியிருப்பாள்.

இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு கூச்சமும் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களைப் பற்றி எல்லாப் பக்கத்திலும் சொல்லப்படுகிற முதல் பழி, ஒருவரோடு நிற்கமாட்டார்கள் என்பது. ஆகவே ஏமாற்றப்பட்ட மனைவிக்காக நான் அழுதால், அந்தப் பழிக்குப் பயந்து நல்ல பெயர் தேடுகிறேனோ என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. கல்யாணம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிச் சாதகம் பொருத்தி, பேச்சுக்கால் முடித்து, ஒன்றுமறியாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து இருத்துகிற வீடுகள் நம்மிடையேயும் உண்டு. பையனின் பயத்துக்கு மருந்து என்று அந்தப் பெண்ணைக் கொடுக்கிறார்கள். அவளுடைய கேள்விக்கு யாரிடம் மருந்து இருக்கிறது என்று நினைப்பதில்லை. அல்மாவுக்காக அழுவதும் என்னிஸுக்காக அழுவதும் எனக்கு ஒரே அழுகை. இருவரையும் அந்தச் சிறிய வீட்டுக்குள் போட்டுப் பூட்டியது ஒரே கைதான்.

ஒரு விடயத்தை இங்கே சொல்லிவிடவேண்டும். ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ நாவல் 2020இல் தீபா மேத்தாவின் இயக்கத்தில் படமாக வந்தபோது நாங்கள் மிகவும் எதிர்பார்த்திருந்தோம். கொழும்பு, தமிழ்க் குடும்பம், ஆணை நேசிக்கும் தமிழ்ப் பையன். எங்களுக்கு இதைவிட நெருக்கமான கதை வேறு எது? ஆனால் அதில் பேசப்பட்ட தமிழ் எங்கள் வீட்டுத் தமிழாகக் காதில் விழவில்லை; பலரும் அப்போது அதை வேதனையோடு எழுதினார்கள். வயோமிங்கின் என்னிஸோ வாயைத் திறப்பதே அரிது. பல்லுக்குள் சொற்களை மென்று விழுங்கும் அந்த மனிதனில், சாய்மனைக் கதிரையில் இருந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டு எதையும் சொல்லாமலே காலத்தைக் கழித்த எங்கள் பெரியப்பாமாரை நான் கண்டேன். என்னிஸாக நடித்த ஹீத் லெட்ஜர் அந்த மௌனத்தை எங்கே கற்றாரோ தெரியாது, எனக்கு அதில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

படம் முடிந்தது. என் கணவர் மின்விளக்கைப் போடாமல் சிறிது நேரம் இருந்துவிட்டு, “நீர் ஆருக்காக அழுறீர்?” என்று கேட்டார். இரண்டு பேருக்கும் என்றேன். தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணீர் போட எழுந்து போனார்.

தம்பி என்னோடு கோப்பைகளை எடுத்து அடுக்கினான். அவனுக்கும் அப்போது வீட்டில் பேச்சுக்கால் தொடங்கியிருந்தது. தலையைக் குனிந்தபடியே, “அக்கா, நீங்கள் அண்ணைக்கு எப்படிச் சொன்னனீங்கள்?” என்று கேட்டான்.

சொன்னேன். 2010ஆம் ஆண்டு, எங்களுக்குக் கல்யாண எழுத்து முடிவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, வெள்ளவத்தைக் கடற்கரையில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கல்லில் இருந்தோம். நான் ஒரு பெண்ணையும் நேசித்திருக்கிறேன், அது விளையாட்டல்ல, இனியும் எனக்குள் அந்தத் தன்மை இருக்கும், ஆனால் உங்களிடம் எதையும் மறைத்து வாழமாட்டேன் என்று பல நாட்களாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கிய நேரம் பார்த்துப் பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் வந்துவிட்டது. என் வாய் அசைந்தது, சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவர் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டியும் போன பிறகு, கடவுள் தந்த தவணை என்று எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு முதலிலிருந்து திரும்பவும் சொன்னேன்.

“ரெண்டு தரமோ?” என்றான் தம்பி.

தேத்தண்ணீர்க் கோப்பைகளோடு வந்த என் கணவர் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பதின்மூன்று வருடத்தில் ஒருநாளும் சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

“எனக்கு முதல் தரமே கேட்டது. நீர் இன்னொருக்காலும் சொல்லுவீரோ எண்டுதான் பேசாமல் இருந்தனான்.”