ஹெச்.பி.எல்.சி. பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய கணினி

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி சேதராப்பட்டிலோ ஒரு மருந்து ஆலையில் சைபர் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் சர்வர் அறைக்குத்தான் கூட்டிப்போவார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது மருந்தின் தரத்தைச் சோதிக்கும் க்யூ.சி. லேபை. ஹெச்.பி.எல்.சி. (மருந்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் கருவி) பக்கத்தில் விண்டோஸ் 7 ஓடும் கணினி ஒன்று இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கான பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டன.

அதை மாற்றாமல் வைத்திருப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. அது வேலிடேட் செய்த, அதாவது சரியாக வேலை செய்கிறது என்று சோதித்து ஆவணப்படுத்திய சிஸ்டம். ஒரு பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) போட்டாலும் சேஞ்ச் கன்ட்ரோல் (மாற்றத்துக்கான அனுமதிப் பதிவு) எழுதி, பாதிப்பை மதிப்பிட்டு, தேவைப்பட்டால் ஓ.க்யூ. (இயக்கத் தகுதி) சோதனைகளைத் திரும்பச் செய்யவேண்டும். கருவிக் கம்பெனி புதுப் பதிப்புக்கு ஒப்புதல் தராவிட்டால் அதற்கும் வழியில்லை. ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் யாரும் கைவைப்பதில்லை.

2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வைரஸ் மெர்க் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்துக்குள் நுழைந்தபோது மருந்து உற்பத்தியே தடைபட்டது. கார்டசில் தடுப்பூசியை அமெரிக்க அரசின் கையிருப்பிலிருந்து கடன் வாங்கவேண்டி வந்தது. அந்த வைரஸ் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மார்ச் மாதமே பேட்ச் வந்திருந்தது. ஆனால் பேட்ச் போட்ட கணினிகளுக்கும் அது பரவியது. நினைவகத்தில் கிடந்த அட்மின் பாஸ்வேர்டுகளை எடுத்துக்கொண்டு போனது. ஆகவே பேட்ச் போட முடியவில்லையே என்று கையைப் பிசைவதைவிட, அந்தக் கணினியைத் தனியாகப் பிரித்து வையுங்கள்.

லேபுக்குத் தனி விலான் (நெட்வொர்க்குக்குள் ஒரு தனிப் பிரிவு). அலுவலக நெட்வொர்க்குக்கும் அதற்கும் நடுவில் ஃபயர்வால். கோப்புப் பகிர்வுக்கான 445, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்கள் இரண்டும் மூடியிருக்கட்டும். விண்டோஸ் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் யு.எஸ்.பி.ஸ்டோர் சேவையின் ஸ்டார்ட் மதிப்பை 3-லிருந்து 4 ஆக்கினால் பென் டிரைவ் ஏறாது (கீபோர்டு மாதிரி நடிக்கும் கருவிகளை இது தடுக்காது). அனலிஸ்ட் யாருக்கும் அட்மின் உரிமை வேண்டாம். அது இருந்தால் கணினிக் கடிகாரத்தை மாற்றலாம்; கடிகாரம் மாறினால் ஆடிட் டிரெயிலுக்கு (யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவு) மதிப்பில்லை. "க்யூசி1" என்று ஆறு பேர் ஒரே லாகினில் நுழைவதும் அதே வகைத் தப்புதான்.

ஆன்டிவைரஸ் போடும்போதும் கவனம். இரவெல்லாம் ஓடும் சீக்வென்ஸ் (வரிசையான சாம்பிள் சோதனைகள்) நடுவில் முழு ஸ்கேன் தொடங்கி ரா டேட்டா கோப்பைப் பிடித்துக்கொண்டால் ரன் அப்படியே நின்றுவிடும். காலையில் ஓ.ஓ.எஸ்.ஸா (முடிவு வரம்பை மீறியதா), டீவியேஷனா (முறையிலிருந்து விலகியதா) என்று தகராறு. ஸ்கேன் நேரத்தைக் கருவி சும்மா இருக்கும் வேளைக்குத் தள்ளுங்கள்.

ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) இன்ஜினியருக்காக எனிடெஸ்க் என்ற ரிமோட் மென்பொருளை நிரந்தர பாஸ்வேர்டோடு திறந்து வைத்திருப்பதுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் பழக்கம். வெல்டிங்குக்கு ஹாட் ஒர்க் பெர்மிட் இல்லாமல் யாரையாவது உள்ளே விடுவோமா? ரிமோட்டுக்கும் அதே முறை: நேரம் குறித்து, ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, வேலை முடிந்ததும் மூடி, பதிவேட்டில் கையெழுத்து.

ஏ.ஹெச்.யூ. (அறைகளுக்குக் காற்று அனுப்பும் கருவி) பக்கம் ஒரு வார்த்தை. பி.எம்.எஸ். (கட்டடக் கண்காணிப்பு மென்பொருள்) திரையில் அறைகளுக்கிடையே 15 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் என்று காட்டுவதை மட்டும் நம்பவேண்டாம். இந்தக் கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் டி.சி.பி. நெறிமுறையில் யார் கட்டளை அனுப்புகிறார்கள் என்று சரிபார்க்கும் ஏற்பாடே கிடையாது. சுவரில் அழுத்தத்தை முள்ளால் காட்டும் மேக்னஹெலிக் கேஜை எந்த ஹேக்கராலும் தொடமுடியாது. ஷிஃப்டுக்கு ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.

பேக்கப் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கடலூர் யூனிட்டின் நகலைப் புதுச்சேரி யூனிட்டில் வைப்பது பார்க்கச் சரியாகத் தெரியும். நடுவில் சுமார் 25 கிலோமீட்டர்தான். 2011-ல் தானே புயல், 2024-ல் ஃபெஞ்சல் புயல் இரண்டுமே இரண்டு பக்கமும் அடித்தன. ஒரு நகலாவது கடற்கரையை விட்டு உள்ளே, நெட்வொர்க்கில் தொடர்பில்லாமல் இருக்கட்டும். கோப்பு மட்டும் போதாது; அதே பதிப்பு குரோமட்டோகிராபி மென்பொருள், லைசென்ஸ், டாங்கிள் (மென்பொருளைத் திறக்கும் யு.எஸ்.பி. சாவி) எல்லாம் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, பழைய குரோமட்டோகிராம் (ஹெச்.பி.எல்.சி. தரும் வரைபடம்) ஒன்றைத் திறந்து, பீக் ஏரியா அச்சிட்ட அறிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இங்கே மெஷின் திரும்ப ஓடினால் மட்டும் சரக்கு வெளியே போகாது. டேட்டா மாறவில்லை என்று க்யூ.ஏ. (தர உறுதிப் பிரிவு) கையெழுத்துப் போடவேண்டும்.

வைரஸிடம் மாட்டிக்கொண்டால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், பவரை அணைக்காதீர்கள். நினைவகத்தில் தடயம் இருக்கும். பல ஹெச்.பி.எல்.சி. கணினிகளில் இரண்டு லேன் கேபிள் உண்டு: ஒன்று லேபுக்கு, ஒன்று கருவிக்கு. தப்பானதைப் பிடுங்கினால் வைரஸ் இருக்கும், ரன் போயிருக்கும். லேப் கேபிளில் இன்றைக்கே சிவப்பு டேப் சுற்றுங்கள்.

செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் உத்தரவுப்படி சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாகவேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும். ஞாயிறு இரவு ஷிஃப்டில் யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு லேப் சுவரில் ஒட்டுங்கள். சர்வரில் இருக்கும் எக்செல்லும் சேர்ந்தேதான் பூட்டிக்கொள்ளும்.