மணிக்கட்டுத் தகட்டில் என்ன எழுத வேண்டும்: வால்வு வைத்த ஒருவனின் அனுபவம்

எனக்கு இருதயத்தில் செயற்கை வால்வு வைத்திருக்கிறது. அதில் ரத்தம் கட்டாமல் இருக்க ஆயுசு முழுக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிட வேண்டும். அவசரத்தில் என்னைப் பார்க்கிறவருக்கு இதைச் சொல்ல, கையில் ஒரு எஃகுத் தகடு கட்டியிருக்கிறேன். அதைச் செய்து வாங்கிய கதையைப் பலபேர் கேட்டுவிட்டார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அருமனைப் பக்கம். ரப்பர் வெட்டுதான் பிழைப்பு. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் இருதயத்தில் மைட்ரல் என்ற வால்வைக் கெடுத்துவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருதயக் கோளாறு என்றால் பலரும் ஏறுவது திருவனந்தபுரம் வண்டிதான். எனக்கும் அங்குள்ள ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில்தான் ஆபரேஷன். வைத்தது சித்ரா வால்வு. டாக்டர் வலியத்தான் தலைமையில் அந்த நிறுவனத்திலேயே உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். உலோக வளையத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் தட்டு சாய்ந்து சாய்ந்து திறந்து மூடும். ராத்திரி அமைதியில் காதுக்கே கேட்கும்.

டிஸ்சார்ஜ் நாளில் டாக்டர் சொன்னது: "நீங்க பேச முடியாத நிலையில கிடந்தாலும், இந்த மாத்திரை விஷயம் பாக்கிறவங்களுக்குத் தெரியணும்." எனக்கு அது நெஞ்சில் தைத்தது. ரப்பர் வெட்டு விடியும் முன்னே தொடங்கிவிடும், குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். தலையில் லைட், கையில் கூர்மையான கத்தி, சுற்றிலும் ஆள் இல்லாத மரவரிசை. அங்கே விழுந்தால் என்னைத் தூக்க வருபவர் யாராகவும் இருக்கலாம். தூக்கிக்கொண்டு ஓடுவது குழித்துறைக்கா, பனச்சமூடு தாண்டி கேரளத்து வெள்ளறடைக்கா என்பதும் அப்போது கிடைக்கிற வண்டியைப் பொறுத்தது.

முதலில் இணையத்தில் தேடினேன். நோய் விவரத்தை வளையத்தில் எழுதிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்துக்குப் பெரிய அளவில் வழி போட்டது அமெரிக்காவின் மெடிக்அலர்ட் அமைப்பு. 1953-ல் கலிபோர்னியாவில் ஒரு டாக்டரின் மகளுக்கு டெட்டனஸ் மருந்து ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கே ஆபத்தானது. அதிலிருந்து 1956-ல் அந்தப் பெற்றோர் தொடங்கியது. வளையத்தில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டால் நோயாளியின் விவரம் முழுக்கக் கிடைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் வெள்ளறடையில் ஓர் ஆட்டோக்காரர் அமெரிக்க எண்ணைக் கூப்பிடுவாரா? நமக்குத் தகட்டைப் பார்த்ததுமே விஷயம் புரிய வேண்டும். அப்படியானால் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்" என்று எழுதினால் போதும் என்றுதான் உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். போதாது. இருதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைக்கும் நம்மூரில் அதே பேர்தான். டாபிகாட்ரான் மாதிரிப் புது மாத்திரைக்கும் அதே பேர்தான். ஆனால் ரத்தம் நிற்காமல் போனால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. என் மாத்திரைக்கு வைட்டமின் கே, பிளாஸ்மா எல்லாம் கை கொடுக்கும். டாபிகாட்ரானுக்கு அவை உதவாது, அதற்கென்று தனி மருந்து இருக்கிறது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் என் மாத்திரையின் வேலையைத்தான் சரியாகக் காட்டும், புது மாத்திரைகளுடையதைக் காட்டாது. ஆகவே மருந்தின் பெயர் கட்டாயம். அதுவும் அசிட்ரோம் என்ற கம்பெனிப் பெயர் அல்ல, அசெனோகுமரோல் என்ற மூலப்பெயர்.

மருந்தின் பெயரோடு வால்வும் இருக்க வேண்டும். இதை எனக்குப் புரியவைத்தது ஐ.என்.ஆர். பார்க்கிற இடத்து சிஸ்டர்தான். ரத்தம் கொட்டுகிறவனைப் பார்த்தால் எந்த டாக்டரும் முதலில் அந்த மாத்திரையின் வேலையை முறிக்கத்தான் பார்ப்பார். வால்வு உள்ளவனுக்கு அதைக் கண்மூடித்தனமாகச் செய்தால் வால்வில் ரத்தம் கட்டி நின்றுவிடும், கட்டி உடைந்து மூளைக்கும் போகலாம். ரத்தம் கொட்டுவதும் ஆபத்து, மருந்தை நிறுத்துவதும் ஆபத்து. இரண்டையும் ஒரே பார்வையில் சொல்கிற தகடுதான் முழுத்தகடு.

அப்படி முடிவான வரிகள், ஆங்கிலத்தில்: என் பெயர்; மெக்கானிக்கல் மைட்ரல் வால்வு; அசெனோகுமரோல்; மனைவியின் ஃபோன் நம்பர். மாத்திரை அளவைப் போடவில்லை. அது ஐ.என்.ஆருக்குத் தக்கபடி மாறிக்கொண்டே இருக்கும், பழைய அளவு தகட்டில் இருந்தால் கெடுதல்தான். ரத்த குரூப்பை எழுதச் சொல்லி மச்சினன் விடாமல் நின்றான். தகட்டில் இருப்பதை நம்பி எந்த ஆஸ்பத்திரியும் ரத்தம் ஏற்றாது, தாங்களே சோதித்துத்தான் ஏற்றுவார்கள். இருக்கிற சின்ன இடத்தை அதற்குக் கொடுக்க மனமில்லை.

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஸ்டாம்ப், பெயர்ப்பலகை செய்யும் ஒரு கடையில் லேசர் மெஷின் இருந்தது. வெள்ளி வேண்டாம், கறுத்துப்போகும் என்று கடைக்காரரே எஃகு எடுத்துக் கொடுத்தார். முன்பக்கம் ஆம்புலன்ஸில் இருக்கிற அந்த ஆறுமுனை நட்சத்திரம், சிவப்பில். கழுத்தில் போடுவதா கையில் கட்டுவதா என்று கொஞ்சம் யோசித்தோம். எங்கள் பக்கம் பாதிப்பேர் கழுத்தில் சிலுவையோ சுரூபமோ தாயத்தோ கிடக்கும், அதில் இதுவும் ஒன்று என்று விட்டுவிடுவார்கள். கைதான் சரி. நாடி பார்க்கிறவர் தொடுகிற இடமும் அதுதானே. ஒரே ஒரு தொல்லை: ரப்பர் பால் தெறித்து எழுத்துப் பள்ளங்களில் ஒட்டுப்பாலாக உறைந்துவிடும். வேலை முடிந்து கை கழுவும்போது நகத்தால் ஒரு முனையைக் கிளப்பினால் நான்கு வரியும் சேர்ந்து ஒரே இழையாக உரிந்து வரும். அதைத் தினமும் செய்ய வேண்டும்.

தகட்டில் அடங்காதவற்றுக்கு ஒரு அட்டை, பர்ஸில். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும். மலையாளத்தை வெள்ளறடையில் ஒரு டீச்சர் எழுதித் தந்தார். எனக்கு டாக்டர் வைத்த ஐ.என்.ஆர். வரம்பு 2.5 முதல் 3.5 வரை என்பது, ஆபரேஷன் நடந்த இடம், வால்வின் வகையும் எண்ணும் அதில் உண்டு. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது தகட்டைக் கழற்றச் சொல்வார்கள், வால்வின் வகையைக் கேட்பார்கள். அப்போது அட்டைதான் பேசும். ஃபோனைத் திறக்காமலே தெரியும் அவசரத் தகவல் பக்கத்திலும் இதே விவரத்தைப் போட்டாயிற்று.

ஊரில் ஆசானிடமும் தகட்டைக் காட்டினேன். எங்கள் நாட்டில் விழுந்தால், சுளுக்கினால் முதலில் போவது வர்ம ஆசானிடம், எண்ணெய் போட்டுத் தடவுவார். பெரியவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மக்களே, உனக்கு நான் கை வைக்கப்பிடாது. தடவினா உள்ள ரத்தம் கசிஞ்சு கட்டும். அடிபட்டா நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரணும், என்ன?" என்றார். அவர் மேல் இருந்த மரியாதை இன்னும் கூடியது.

கடந்த மழைக்காலத்தில் பனச்சமூடு தாண்டி பைக் சறுக்கியது. பின்னால் இருந்த எனக்கு ஹெல்மெட்டோடு தலை தரையில் மோதியது. எழுந்து நின்றேன், முட்டியில் சிராய்ப்பு மட்டும். மச்சினனுக்குக் கைமூட்டு இடம் மாறியிருந்ததால் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். போன ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு பையன் எனக்கு வலிக்கு இடுப்பில் போட டைக்ளோஃபினாக் ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தான். பிரஷர் பார்க்கக் கையைப் பிடித்த சிஸ்டர் தகட்டைப் படித்து அவனை நிறுத்தினார், என் மாத்திரையோடு அந்த ஊசி சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. "சேட்டா, குளிக இன்னு கழிச்சோ?" என்று, மாத்திரை இன்றைக்குச் சாப்பிட்டாயிற்றா என்பதை மலையாளத்தில் கேட்டார். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. வலிக்குப் பாராசிட்டமால் மாத்திரை. டெட்டனஸ் வராமலிருக்கப் போடும் டி.டி. மருந்தை மெல்லிய ஊசியில் போட்டு, தேய்க்காமல் வெகுநேரம் அழுத்திப் பிடித்தார்கள். ஐ.என்.ஆருக்கு ரத்தம் எடுத்தார்கள், தலைக்கு சி.டி. ஸ்கேன். ஸ்கேன் சுத்தமாக இருந்தும் வீட்டுக்கு விடவில்லை. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலைக்குள் ரத்தக்கசிவு மெதுவாகவும் வரலாம் என்று ராத்திரி முழுக்க எழுப்பி எழுப்பிப் பார்த்தார்கள். காலையில் இன்னொரு ஸ்கேன் எடுத்தபிறகுதான் அனுப்பினார்கள்.

தலையில் அடிபட்டால், நன்றாக இருக்கிறேன் என்று தோன்றினாலும் போய்விடுங்கள். இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். 108 எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நம்பர்தான்.

இப்போது பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளைக்கு வால்வு ஆபரேஷன் முடிந்திருக்கிறது, அவளுக்கு எழுதிக் கொடுத்திருப்பது வார்ஃபரின். அந்தக் கடைக்காரர் என் தகட்டின் மாதிரியைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார். மருந்தின் பெயர், வால்வின் இடம், ஃபோன் நம்பர் மூன்றையும் டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்து எழுதி அவளுடைய அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை மார்த்தாண்டம் போகிறார்.