கிரியேட்டினின் 1.9 ஆனபோது

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட நான்காம் மாதத்தில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் வழக்கம்போல் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் எனக்கு 1.2இலிருந்து 1.9ஆக உயர்ந்திருந்தது. காய்ச்சல் இல்லை, சிறுநீரகம் வைத்த வலது அடிவயிற்றில் வலியும் இல்லை. நாள்தோறும் எடையையும் சிறுநீரின் அளவையும் எழுதிவரும் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான், ஐந்து நாளில் எடை இரண்டு கிலோ ஏறியிருந்ததும் சிறுநீர் சிறிது சிறிதாகக் குறைந்துவந்ததும் கண்ணில் பட்டன. அறுவை சிகிச்சை நடந்த புதுச்சேரி மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுநாள் காலையிலேயே வரச் சொன்னார்கள்.

சிறுநீரகம் தந்தவர் என் அம்மா. திருப்பாதிரிப்புலியூரில் பேருந்து ஏறியது முதல் அரியாங்குப்பம் வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஸ்கேன்ல எல்லாம் தெரிஞ்சிடும் இல்ல தம்பி?" என்று கேட்டார். தெரிந்துவிடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

அன்று காலை நான் ஒரு தவறு செய்தேன். புதிய சிறுநீரகத்தை உடல் எதிர்க்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவைப் பார்ப்பதற்கான ரத்தத்தை, முந்தைய இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பாக எடுக்க வேண்டும். பதற்றத்தில் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டுப் புறப்பட்டதால் அந்தப் பரிசோதனை ஒரு நாள் தள்ளிப்போயிற்று. என்னைப் போன்றவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கேனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மாற்றுச் சிறுநீரகம் முதுகுப்புறம் ஆழத்தில் இல்லாமல் அடிவயிற்றில் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் திரையில் தெளிவாகத் தெரிகிறது. முதலில் சிறுநீர் வடிவதில் அடைப்பு உண்டா, சுற்றிலும் நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அடைப்பு இல்லாமலேயே சிறுநீரகம் சற்று விரிந்து தெரியக்கூடும் என்பதால், கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லி மறுபடியும் பார்த்தார்கள். அடைப்பு இல்லை. சிறுநீரகம் மட்டும் முன்பைவிடச் சற்றுப் பருத்திருந்தது.

அடுத்தது, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். ரத்தம் பாயும் ஓசை அறை முழுவதும் கேட்டது. தமனியிலும் சிரையிலும் ஓட்டம் இருந்தது. ரத்தம் உறைந்து அடைக்கவில்லை என்பது அதனால் உறுதியாயிற்று. ஆனால் ஆர்.ஐ. என்று அவர்கள் சொல்லும் எண் 0.82 ஆக இருந்தது. அறுவை முடிந்த வாரத்து ஸ்கேனில் அது 0.64. இதயம் சுருங்கும்போது தமனியில் ரத்தம் பாயும் உச்ச வேகத்திலிருந்து, அடுத்த துடிப்புக்குச் சற்று முன் இருக்கும் வேகத்தைக் கழித்து, வந்ததை உச்ச வேகத்தால் வகுத்தால் கிடைப்பது இந்த எண். நல்ல நிலையிலுள்ள சிறுநீரகத்தில் இரண்டு துடிப்புகளுக்கு இடையிலும் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். புதிய சிறுநீரகத்தை உடல் அந்நியமாகக் கருதித் தாக்கும் நிராகரிப்பின்போது வெள்ளணுக்கள் புகுந்து திசு வீங்குவதால் உள்ளே அழுத்தம் ஏறி, அந்த இடைப்பட்ட ஓட்டம் குறைய, எண் உயர்கிறது.

"அப்படியானால் நிராகரிப்புதானா டாக்டர்?" என்று கேட்டேன். டாக்ரோலிமஸ் அளவு மிகுந்தாலும், சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதுபட்டாலும், ஸ்கேன் கருவியை வயிற்றில் அழுத்தி வைத்தாலும்கூட இதே எண் வரக்கூடும் என்றும், எண் சரியாக இருந்தும் உள்ளே நிராகரிப்பு நடந்துகொண்டிருந்த நோயாளிகளைத் தாம் பார்த்திருப்பதாகவும் அவர் பொறுமையாக விளக்கினார். அடைப்பு, நீர்க்கோவை, ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவை இல்லை என்று ஸ்கேன் விலக்கிவிட்டது. மிச்சத்தை, சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான் சொல்ல வேண்டும். நான் சோர்ந்துபோனேன் என்பது உண்மை. ஆனாலும், ஓர் எண்ணை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டாமல் அவர் காட்டிய அந்த நிதானத்துக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

மறுநாள் காலையில் டாக்ரோலிமஸ் ரத்தம் எடுத்தார்கள். அளவு தேவைக்குக் குறைவாகவே இருந்தது. ரத்தம் உறையும் திறனையும் ரத்த அழுத்தத்தையும் சரிபார்த்த பின் பயாப்சி நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, அதே ஸ்கேன் திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடியே சதைத்துணுக்கு எடுத்தார்கள். சுண்டிவிட்டதுபோல் ஓர் ஓசை, ஓர் அழுத்தம், அவ்வளவுதான். பிறகு ஆறு மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுத்திருந்தேன். சிறுநீரில் ரத்தம் கலக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் செவிலியர் பார்த்தார்.

முடிவில் நிராகரிப்பு உறுதியாயிற்று. டி செல்கள் என்னும் வெள்ளணுக்களால் நேர்வது, மருந்துக்குக் கட்டுப்படும் வகை. மெதில்பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை 500 மில்லிகிராம் வீதம் மூன்று நாள் நரம்பில் ஏற்றினார்கள். சர்க்கரை ஏறியது, தூக்கம் போயிற்று. ஆனால் நான்காம் நாளிலிருந்து சிறுநீர் கூடிற்று.

மூன்று வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஆர்.ஐ. 0.69. கிரியேட்டினின் 1.4இல் நின்றுவிட்டது, பழைய 1.2க்குத் திரும்பவில்லை. "இனிமேல் இதுதான் உங்கள் அளவு, இதற்கு மேல் ஏறினால் உடனே வாருங்கள்" என்றார் மருத்துவர். அம்மா என் குறிப்பேட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்த 1.2ஐ அடித்துவிட்டு, 1.4 என்று பெரிதாக எழுதிக்கொடுத்தார்.